143 என்றால் எந்த அணை?

கரும்பலகையில் 143 என்று எழுதி, "இது என்ன?" என்று பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டால் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும். அந்த எண்ணுக்குக் காதலர்கள் வைத்த அர்த்தம் எனக்கும் தெரியும். நானும் காலேஜ் படித்தவள்தான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி மட்டும் "பாபநாசம் டேம், மிஸ்" என்பாள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. பாபநாசத்தில் 143 அடி என்றால் அணை நிரம்பிவிட்டது. சுரங்கம் வழியாக அதோடு சேர்ந்திருக்கிற சேர்வலாற்றில் 143 அடி என்றால் இன்னும் 13 அடி பாக்கி, அதன் உச்சம் 156. மணிமுத்தாற்றில் 143 என்று யாராவது சொன்னால் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அந்த அணையின் மொத்த உயரமே 118 அடி.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது அணை நிலவரம். மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் சேர்த்துத்தான் வாசிப்பார். "மட்டம் ஏறிட்டு, ஆனா வரத்து கொறைஞ்சிட்டு. அப்பம் இப்போதைக்கு நாத்துப் பாவ வேண்டாம்" என்பார். மூன்றில் ஒன்றை மட்டும் சொல்லி அவரிடம் பதில் வாங்க முடியாது.

அவருக்காகத்தான் ஒரு விடுமுறையில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, வடக்குப் பச்சையாறு, நம்பியாறு, கொடுமுடியாறு என்று ஆறு பெயர்கள் ஒரு லிஸ்டில். மட்டத்துக்கு ஒரு லிஸ்ட், வரத்துக்கு ஒன்று, வெளியேற்றத்துக்கு ஒன்று. நான்கையும் பைத்தானின் 'ஜிப்' போட்டுக் கோத்து அட்டவணையாக அப்பாவின் போனுக்கு அனுப்பினேன். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பதினோராம் நாள் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏளா, மேல மழை கொட்டுது, சேர்வலாத்துக்கு வரத்து இம்புட்டுதானா? அதோட கொடுமுடியாத்தையே காணும்?"

அன்றைக்கு நான் பார்த்த செய்தியில் சேர்வலாற்றின் வரத்து இல்லை. இல்லாததை விட்டுவிட்டு மற்றதை ஏற்றியிருந்தேன். வரத்து லிஸ்டில் ஓர் இடம் குறைந்ததும் மணிமுத்தாற்றுத் தண்ணீர் சேர்வலாற்றுக்குள் போய்விட்டது, அடுத்தடுத்த அணைகளும் ஒவ்வொரு படி ஏறிக்கொண்டன. லிஸ்டுகளின் நீளம் ஒத்துவராவிட்டால் ஜிப் குட்டையானதோடு நின்றுகொள்ளும், சத்தமே போடாது. கடைசியில் இருந்த கொடுமுடியாறு அப்படித்தான் காணாமல் போனது. பைத்தானுக்கு அது பிழையே இல்லை. அப்பாவுக்குத்தான் பிழை.

நான் செய்திருக்க வேண்டியது, 'அணை' என்று சொந்தமாக ஒரு தரவு வகை. பெயர், உச்ச மட்டம், இன்றைய மட்டம், வரத்து, வெளியேற்றம் எல்லாம் ஒரே பொட்டலத்தில். பைத்தானில் 2018-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து 'டேட்டாகிளாஸ்' என்ற வசதி இருக்கிறது. எந்தெந்த விவரம் வேண்டும் என்று ஏழெட்டு வரியில் சொல்லிவிட்டால் மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும். விவரங்களைப் பெயர் சொல்லிக் கொடுத்தால், ஒன்று விட்டுப்போனாலும் நிரல் அங்கேயே நின்று 'வரத்து எங்கே?' என்று கேட்கும். செய்தி ஆங்கிலத்தில்தான் வரும், ஆனால் 'வரத்து' என்ற பெயர் தமிழிலேயே இருக்கும். பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழில் வைக்கலாம், 'அணை.வரத்து' என்று எழுதினால் அப்படியே ஓடுகிறது. (மட்டம் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் 'நல்லா இருக்கு' என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும் என்பது வேறு கதை. அதை நாம்தான் சோதிக்க வேண்டும்.)

நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் இதைச் சொல்லாமல் விடவில்லை. இரண்டாம் பாடமே தரவு அருவமாக்கம். ஊர்ப்பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை மூன்றையும் சேர்த்து 'நகரம்' என்று ஒரே பொருளாகக் கட்டுவது அதில் இருக்கிறது. நல்ல உதாரணம். ஆனால் அப்படி ஒரு தரவு வகையைப் பைத்தானில் கட்டும் 'கிளாஸ்' எழுதுவது பத்தாம் பாடம். இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடும், பிள்ளைகளுக்கு இரண்டும் உறவில்லாத இரண்டு விடைகளாகிவிடும். 'கன்ஸ்ட்ரக்டர் என்றால் என்ன?' என்று கேட்டால் எழுதிவிடுவார்கள். ஆறு அணையின் விவரத்தை எப்படி வைப்பாய் என்று கேட்டால் நான் செய்த அதே நான்கு லிஸ்டுதான் வரும். இரண்டு பாடங்களையும் அடுத்தடுத்து நடத்த வேண்டும், செய்முறைத் தேர்வில் அந்தந்த ஊரின் தரவும் வர வேண்டும் என்பது என் கட்சி. 'சிலபஸில் கை வைக்காதீங்க, செண்டம் போயிரும்' என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஒரு சார். செண்டம் எங்கும் போகாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடிய அந்த இரவில் என் போனில் வெறும் எண்கள்தான் வந்துகொண்டிருந்தன. இத்தனை ஆயிரம் கன அடி என்பார்கள். அணைக்கு வருவதா, அணை விடுவதா என்று இருக்காது. எந்த அணை, எத்தனை மணி நிலவரம் என்றும் இருக்காது. சாயங்காலத்துத் தகவல் நடுராத்திரியில் புதுச் செய்தி மாதிரி சுற்றியது. சிந்துபூந்துறையில் இருந்த என் சித்தி, "இது இப்ப உள்ளதா, பழசா?" என்று நாலு தடவை போன் போட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. மின்சாரமும் போய், சிக்னலும் போனது. என் நிரலில் 'நேரம்' என்ற விவரம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவரை அது எனக்கே தோன்றவில்லை.

இந்த வருடம் அணைக் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். ஆளுக்கு ஓர் அணை. போன வாரம் சேர்வலாற்றுக்காரி நோட்டோடு வந்து நின்றாள். "பேப்பர்ல வரத்து போடல மிஸ். புரோகிராம் நின்னுட்டு. சைபர் போட்டுரட்டா?"

"சைபர்னா என்ன அர்த்தம்?"

கொஞ்சம் யோசித்தாள். "சொட்டுத் தண்ணி வரலன்னு."

"வரலையா, நமக்குத் தெரியலையா?"

சைபர் போடவில்லை அவள். பள்ளி விட்டதும், பாபநாசம் அணை இருக்கும் காரையாறு பக்கம் வேலை பார்க்கும் தன் மாமாவுக்குப் போன் போட ஆபீஸ் ரூம் வாசலில் நின்றாள்.