அமரர் ஊர்தி என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்

ஸ்டேஷன் வேகன் வைத்திருக்கிறேன் என்றால் ராயபுரத்தில் முதலில் வருவது சிரிப்புதான். "இன்னாண்ணே, அமரர் ஊர்தி கணக்கா பின்னாடி நீட்டிக்கினு கீது?" என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. சிரிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ரிட்டையர்மென்ட் பணம் கைக்கு வந்ததும் நம்மைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "வாங்கினா புதுசு வாங்குங்க, அதுவும் உசரமான வண்டியா வாங்குங்க" என்று யோசனை சொல்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை.

என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அப்படித்தான் பிள்ளைகள் பேச்சைக் கேட்டு ஒரு பெரிய எஸ்யூவி வாங்கினார். கிராஜுவிட்டி மொத்தமும் அதில் போயிற்று. அவர் மனைவிக்கு முட்டி வலி. இப்போது வண்டியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கூடவே போகிறது, அந்த அம்மா அதன் மேல் கால் வைத்து ஏறுவதற்கு. போன வருடத்திலிருந்து அவர் ஆட்டோவில்தான் போகிறார். வண்டி வாசலில் நிற்கிறது.

அறுபது தாண்டியவர்களுக்கு வேண்டியது உட்கார்ந்து எழ ஏற்ற உயரத்தில் ஒரு சீட், சக்கர நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்காமல் உள்ளே தள்ளிவிட ஒரு பின்கதவு. இரண்டும் ஸ்டேஷன் வேகனில் இருக்கின்றன. என் வீட்டுக்காரிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன பிறகு ஸ்டான்லிக்கும் வீட்டுக்கும் எத்தனை நடை! நாற்காலியைப் பின்னால் தள்ள என் ஒருவன் கையே போதும். ஒரு குறை சொல்ல வேண்டும் என்றால், டிக்கி தனியாக இல்லாததால் காசிமேட்டில் மீன் வாங்கி வைத்தால் வாசனையும் நம்மோடு முன்சீட்டில் உட்கார்ந்து வரும். இறால் என்றால் இரண்டு நாள்.

சரி, நல்ல வண்டி என்றால் புதிதாக ஏன் கிடைக்கவில்லை? கிடைத்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபியட் சியனா வீக்கெண்ட், ஓப்பல் கோர்சா ஸ்விங், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி எல்லாம் இங்கே விற்றன. நம் டாடாவே 2004ல் இண்டிகோ மரீனா கொண்டுவந்தது. யாரும் வாங்கவில்லை, அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். 2006 பட்ஜெட்டில் நம்மூர் சிதம்பரம் 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன என்ஜின் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். அவ்வளவுதான், எல்லாக் கம்பெனியும் ரம்பத்தை எடுத்து வண்டியின் வாலை அறுக்க ஆரம்பித்தது. வாலே உயிரான வண்டிக்கு அங்கே என்ன இடம்? சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் 2007லிருந்து பிஎம்டபிள்யூ தொழிற்சாலை நடக்கிறது. ஐரோப்பாவில் அவர்கள் விற்கும் டூரிங் என்ற வேகனை இங்கே பூட்டுவதில்லை.

ஆகவே புது ஐரோப்பிய வேகன் வேண்டுமென்றால் முழு வண்டியாகக் கப்பலில் வர வேண்டும். 2017ல் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி அப்படித்தான் வந்தது. விலை 60 லட்சம். அடுத்த வருடம் வந்த மெர்சிடிஸ் ஆல் டெரெய்ன் 75 லட்சம். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள காருக்கு அப்போது சுங்கமே 100 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி, செஸ். நம் மாநிலத்தில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். சுவீடன்காரனுக்குப் போவதைவிட சர்க்காருக்குப் போவது அதிகம். பணம் இருக்கிறவன் வாங்கட்டும். பென்ஷன்காரனிடம் "புதுசுதான் நிம்மதி" என்று சொல்லாதீர்கள். அந்த வரியையெல்லாம் முதல் ஆள் கட்டிவிட்ட வண்டியை வாங்குவதில் என்ன கேவலம்?

நான் எட்டு வருடமாக ஓட்டுவது பழைய ஆக்டேவியா காம்பி, 1.9 டீசல். "பார்ட்ஸ் கிடைக்காதே" என்பார்கள். பாதி உண்மை. பின்சீட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் சாதாரண ஆக்டேவியாதான். என்ஜின், கிளட்ச், பிரேக், முன் சஸ்பென்ஷன் எல்லாம் ஊர் முழுக்க ஓடிய அந்த செடானுடையதே. புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் அகப்படும். கிடைக்காதது பின்கண்ணாடி, பின்கதவு, அந்த நீட்டமான டெயில் லைட். அதனால் பின்னால் யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு முன்னால் திடீர் பிரேக் போடுவதில்லை, அது எந்த வண்டிக்கும் நல்லதில்லை. ஓப்பல் ஸ்விங்கைத் தொடாதீர்கள் என்பேன். வண்டி மோசம் என்றல்ல, ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இங்கே விற்பனையையே நிறுத்திவிட்டது.

செனகல் நாட்டில் பல பத்தாண்டுகளாக ஊருக்கு ஊர் ஆள் ஏற்றியது பழைய பெஜோ 504, 505 ஸ்டேஷன் வேகன்கள்தான். ஏழு பேர் ஏறுவதால் 'செத் ப்ளாஸ்', ஏழு இடம், என்றே பெயர். பிரான்சில் கழித்துவிட்ட வண்டிகள் அங்கே பிழைத்ததற்குக் காரணம், தெருவுக்கு ஒரு கை அந்த என்ஜினைப் பழகியிருந்தது. இங்கேயும் கணக்கு அதே. கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவரைப் பிடித்த பிறகுதான் வண்டியையே தேடினேன். வாங்கிய வாரமே டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றச் சொன்னார். அந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் போய்விடும். ஆறாயிரம் மிச்சம் பிடிக்கப் பார்த்து ஒன்றரை லட்சம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

புரோக்கர் "டெல்லி வண்டி, அரை விலை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே 10 வருடம் தாண்டிய டீசலை ஓட்ட விடாமல் கெடுபிடி செய்தார்கள், அதனால்தான் தெற்கே தள்ள ஆரம்பித்தார்கள். என்ஓசி வாங்கி, இங்கே மறுபடி ஆயுள் வரி கட்டினால் அந்த அரை விலை முக்கால் விலை ஆகிவிடும். சென்னை வண்டியே வாங்குங்கள், ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாமிலும் எங்கே நின்றது என்று கேளுங்கள். பதிலை நம்ப வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். கடற்கரையோரம் நின்ற வண்டி என்றால் லிஃப்டில் ஏற்றி அடித்தகடு முழுக்கப் பார்க்க வேண்டும், நம் பக்கத்து உப்புக்காற்று என்ன செய்யும் என்று நம் ஜன்னல் கம்பியே சொல்லும்.

செலவே இல்லை என்று ஏமாற்ற மாட்டேன். 15 வருடம் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. பசுமை வரி தனி. இன்ஷூரன்சில் ஜீரோ டெப் எல்லாம் கேட்கவே முடியாது. இத்தனையும் கூட்டி, எட்டு வருட ரிப்பேர் பில்லையும் சேர்த்தாலும், நண்பரின் எஸ்யூவிக்கு அவர் கட்டிய ஆயுள் வரியைத்தான் நெருங்குகிறது. பில்களை ஒரு பழைய டைரிக்குள் வைத்திருக்கிறேன், நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். வரும்போது மாடிப்படி ஏற முடியாதவர்களையும் கூட்டி வாருங்கள், வண்டி கீழேதான் நிற்கிறது, உட்கார்ந்து பார்க்கட்டும்.