ஒரு பைசாவுக்கு உயிர் கொடுத்த ஊர் வழியாத்தான் நாம தினமும் வேலைக்குப் போறோம்



டிசம்பர் 21, உழவர் தலைவர் ஐயா சி.நாராயணசாமி நாயுடு அவர்களின் நினைவு நாள். 1925-ல் கோவைக்கு வடக்கே வையம்பாளையத்தில் பிறந்தவர். 1984-ல் தேர்தல் பிரச்சாரத்துக்காக கோவில்பட்டி போயிருந்தப்போ மாரடைப்பில் காலமானார். படத்துக்கு மாலை போட்டு ஒரு போஸ்டர் டிசைன் பண்ணிப் போட்டா எங்க ஐ.டி. விங் வேலை முடிஞ்சுது. ஆனா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற என் வயசுப் பசங்கள்ல பாதிப் பேருக்கு மேல இவர் யாருன்னே தெரியல. அதனால இந்தத் தடவை கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

பெருமாநல்லூர் தெரியாதவங்க இங்க இருக்க முடியாது. குண்டம் திருவிழாவுக்குப் போயிருப்பீங்க. கோபி, குன்னத்தூர் பக்கமிருந்து ஷிப்ட்டுக்கு வர்றவங்க தினமும் அந்த நாலு ரோட்டைத் தாண்டித்தான் வர்றாங்க. அந்த ஊர்லதான் 1970 ஜூன் 19 அன்னைக்கு, மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடின விவசாயிகள் மேல போலீஸ் சுட்டுச்சு. மூணு பேர் செத்துப்போனாங்க. 8 பைசாவா இருந்த யூனிட்டை 10 பைசா ஆக்கியிருந்தாங்க. உயிர் போனதுக்கு அப்புறம் 1 பைசா குறைஞ்சுது.

"ஒரு பைசாவுக்கா?"ன்னு இன்னைக்குக் கேட்கத் தோணும். நான் எலக்ட்ரிக்கல் படிச்சவன், கணக்குப் போட்டே சொல்றேன். 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினா சுமார் 3.7 யூனிட். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினா 30 யூனிட். 2 பைசா ஏத்தம்னா தினம் 60 பைசா, மாசம் 18 ரூபாய். அந்தக் காலத்து 18 ரூபாய். அதுவும் கிணத்துல தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும், பருத்தி விலை போனாலும் போகாட்டியும் கட்டணும். கட்டாட்டி ஃபியூஸைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க, ஜப்தி வரும்.

நம்ம மண்ணுல காவிரி டெல்டா மாதிரி வாய்க்கால் பாசனம் பெருசா கிடையாது. மாடு கட்டி கவலை இறைச்சுத்தான் வெள்ளாமை. 1932-ல பைக்காரா மின்சாரம் வந்ததுக்கு அப்புறம்தான் மில்லும் பெருகுச்சு, கிணத்து மோட்டாரும் ஓடுச்சு. ரெண்டுக்கும் ஒரே கரண்ட்தான். அந்தத் தோட்டங்கள்ல மிஞ்சின காசுல எத்தனை பேர் முதல் நிட்டிங் மெஷின் வாங்கினாங்கன்னு உங்க கம்பெனி முதலாளிகிட்டயே கேட்டுப் பாருங்க. நிறையப் பேரோட அப்பிச்சி தோட்டத்துக்காரர்தான்.

நாயுடு ஐயா என்ன செஞ்சார்? 1966-ல கோவை வடக்கு தாலுகா அளவுல சங்கம் கட்ட ஆரம்பிச்சார். 1972-ல கட்டணம் மறுபடி ஏறினப்போ நகரத்துக்குப் போற பாலையும் காய்கறியையும் நிறுத்தினாங்க. ஜூன் மாசம் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைப் பூட்டிட்டு வந்து கோயமுத்தூர் ரோடுகளை அடைச்சு நிறுத்தினாங்க. வாட்ஸ்அப் கிடையாது, ஊருக்கு ஒரு போன் இருந்தாலே அதிசயம். ஊர் ஊரா சங்கத்துக்காரங்க சைக்கிள்ல போய்ச் சொல்லி அத்தனை வண்டியை ஒரே நாள்ல ஒரே இடத்துக்குக் கொண்டுவர்றது லேசுப்பட்ட காரியமா? ஒரு ஹேஷ்டேக்கை ட்ரெண்டிங் ஆக்கவே நாங்க என்ன பாடு படறோம்னு எங்களுக்குத்தான் தெரியும். அந்த வருஷம் ஜூலை 5-ம் தேதி பல இடங்கள்ல துப்பாக்கிச்சூடு நடந்துச்சு, பல உயிர் போச்சு. அதனாலதான் ஜூலை 5-ஐ உழவர் தியாகிகள் தினமா இன்னும் கடைப்பிடிக்கிறாங்க.

கட்சிப் பக்கத்துல இருந்து இதைச் சொல்றது சிலருக்கு சங்கடமா இருக்கலாம், இருந்தாலும் சொல்லணும். 1970, 72-ல சுட்டது கலைஞர் ஆட்சி. எழுபதுகளின் கடைசியில எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விவசாயிகள் மேல துப்பாக்கி நீண்டுச்சு. அப்புறம் 1984-ல சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது அதே எம்.ஜி.ஆர். 1989-ல திரும்பி வந்து, எல்லா விவசாயிகளுக்கும் அதை விரிச்சது அதே கலைஞர். நாயுடு ஐயா அதைப் பார்க்க உயிரோட இல்லை. இன்னைக்கு இருபது லட்சத்துக்கும் மேல பம்ப்செட் இணைப்பு அந்தச் சலுகையில ஓடுது. யார் கொடுத்தாங்கன்னு கட்சிக்காரங்க நாம சண்டை போட்டுக்கறோம். கொடுக்க வெச்சது யாருங்கறதுதான் என் கேள்வி.

1982-ல அவர் சங்கத்துல இருந்து கட்சி ஆரம்பிச்சது தப்புன்னு இன்னமும் சொல்றவங்க இருக்காங்க. வண்டி பூட்டி வந்தவங்க எல்லாம் ஓட்டுப் போடல, சங்கமும் பிரிஞ்சுது, அது உண்மை. ஆனா கட்டணத்தை முடிவு பண்ற கையெழுத்து கோட்டையிலதானே விழுது? அந்த இடத்துக்கு விவசாயி போகணும்னு நினைச்சதுல என்ன தப்பு? தோத்தாலும் அந்த யோசனை சரியானதுன்னுதான் நான் சொல்வேன்.

இப்ப இதை ஏன் பேசணும்? 2022 ஆகஸ்ட்ல மின்சாரத் திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின மசோதாவைக் கைவிடணுங்கறது டெல்லி எல்லையில ஒரு வருஷம் உட்கார்ந்த விவசாயிகளோட கோரிக்கைகள்ல ஒண்ணு. பம்ப்செட்டுக்கு மீட்டர், மானியம் வங்கிக் கணக்குலங்கற பேச்சும் அப்பப்போ கிளம்புது. எவ்வளவு கரண்ட் போகுதுன்னு அளக்கறதை நான் எதிர்க்கல. டிரான்ஸ்பார்மர்லயே அளந்துக்கலாம், அதுக்கு விவசாயி பேர்ல பில் அடிக்க வேண்டியதில்லை. "முதல்ல நீ கட்டு, அப்புறம் கணக்குல போடறோம்" கதை எங்க போய் முடியும்னு தெரிய, உங்க அம்மாகிட்ட கேஸ் சிலிண்டர் மானியம் கடைசியா எப்போ வந்துச்சுன்னு கேளுங்க.

இலவச கரண்ட்டாலதான் நிலத்தடித் தண்ணி ஆயிரம் அடிக்குப் போச்சுன்னு நம்ம பசங்களே எழுதறாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, மறுக்கல. ஆனா வழி பில் போடறது இல்லை, தண்ணி கொண்டுவர்றது. அத்திக்கடவு-அவிநாசி திட்டம் தலைமுறை தலைமுறையா கேட்டு, 2024 ஆகஸ்ட்லதான் தொடங்குச்சு. அந்த 1,045 குளம் குட்டைகளுக்கும் வருஷா வருஷம் ஒழுங்கா தண்ணி வருதான்னு பாருங்க. அதுக்கப்புறம் தோட்டத்துக்காரன்கிட்ட கணக்குக் கேட்கலாம்.

பல்லடம், மங்கலம், சோமனூர் தறிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட்டா இருந்த இலவசம் 2023-ல 1,000 ஆச்சு. 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்கு அப்புறம் நீங்க தறியை நிறுத்திப் போராடின சூடு இல்லாம அது வந்திருக்குமா? தோட்டத்துக்காரன் ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட பாதைதான் அது.

உங்க வீட்லயோ பக்கத்துத் தோட்டத்துலயோ எழுபது, எண்பது வயசு தாண்டின அப்பிச்சி யாராவது இருந்தா, "72-ல வண்டி பூட்டிட்டு கோயமுத்தூர் போனீங்களா?"ன்னு கேளுங்க. போனவரா இருந்தா போன்ல ரெக்கார்ட் பண்ணி எங்களுக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க. அவங்க எந்தக் கட்சியா இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே போடறோம்.

#உழவர்தலைவர் #நாராயணசாமிநாயுடு #பெருமாநல்லூர்