வண்ணம் பூசுமுன் வரலாறு காப்போம்

புதுதில்லி: சண்டீகரில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி நடைபெற்ற விழாவுடன், அறுபது ஆண்டுகளுக்கு மேல் சேவையில் இருந்த மிக்-21 ரகப் போர் விமானங்கள் இந்திய விமானப் படையிலிருந்து விடைபெற்றன. ஓய்வுபெற்ற விமானங்களில் எவற்றைப் பாதுகாப்பது, எந்த வண்ணத்தில் காட்சிக்கு வைப்பது என்ற கேள்வி இப்போது எழுந்துள்ளது.

இது வெறும் அழகுப் பிரச்னை அல்ல. தொடக்கத்தில் வண்ணம் பூசப்படாத உலோக மேனியுடன் பறந்த மிக்-21, 1971 போரின்போது மறைப்பு வண்ணம் பூண்டது. பின்னாளில் வந்த 'பைசன்' வகை சாம்பல் நிறத்தில் பறந்தது. பூசப்படும் வண்ணம் எந்தக் காலத்தைச் சொல்கிறதோ, அதையே பார்வையாளர் வரலாறாக ஏற்பார்.

இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. ராஜீவ் சந்திரசேகர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிரிட்டனில் புதுப்பித்து நன்கொடையாக அளித்த டக்கோட்டா விமானம், 2018 மே மாதம் ஹிண்டன் தளத்தில் படையில் சேர்க்கப்பட்டது. 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகருக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற டக்கோட்டாவின் விபி-905 என்ற எண்ணை அது தாங்கியுள்ளது. அஞ்சலி என்ற வகையில் அது பொருத்தமே. ஆனால், ஸ்ரீநகரில் இறங்கிய விமானம் அதுவல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்ட அவற்றை எச்.ஏ.எல். நிறுவனம் சீரமைத்தது. 1968 வரை அவை இந்தியப் படையில் பறந்தன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் சென்று, 1989 முதல் அமெரிக்க வண்ணத்தில் வலம் வந்தது. அதன் இருபதாண்டு இந்தியச் சேவை வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்தது.

சட்டமும் இங்கே துணை நிற்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக நூறாண்டு கடந்த பொருளே தொல்பொருள். இந்திய விமானப் படை தோன்றியதே 1932-இல்தான். அதன் முதல் படைப்பிரிவு பயன்படுத்திய வாபிட்டி ரக விமானம் பாலம் அருங்காட்சியகத்தில் உள்ளது. நூறாண்டு நிறையும்வரை துரு காத்திருக்குமா?

நிதி குறைவு என்றால், முன்னுரிமை தெளிவாக இருக்க வேண்டும். முதலில் மழை, வெயிலிலிருந்து காக்கக் கூரையும், அரிப்பைத் தடுக்கும் பராமரிப்பும் தேவை. அடுத்து, பழைய வண்ணத்தைச் சுரண்டுவதற்கு முன் அதன் அடுக்குகளையும் படைப்பிரிவுச் சின்னங்களையும் படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். வண்ணத் தேர்வு கடைசியில்தான் வர வேண்டும். அதுவும் அந்த விமானத்தின் சொந்தப் பணிப் பதிவேட்டின்படி அமைய வேண்டும். பளபளப்பான புதுப்பூச்சு பார்வையாளரைக் கவரும் என்பது உண்மையே. ஆனால், உள்ளே உலோகம் உளுத்துக்கொண்டிருந்தால் அதனால் பயனில்லை.

பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, பாதுகாக்க வேண்டிய விமானங்களின் பட்டியலை அரசிடம் கேட்டுப் பெறலாம். நூறாண்டு வரம்பிலிருந்து அவற்றுக்கு விலக்கு அளிக்கும் சட்டத் திருத்தத்தையும் வலியுறுத்தலாம். பழைய இரும்புக் கடைக்குப் போன விமானத்தை எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது.