நாய்க்குட்டிக்கும் ஒரு லட்சுமணக் கோடு!

ஓசூர் மார்கழிக் குளிரைப் பற்றி இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மதுரை, நெல்லைப் பக்கமிருந்து சிப்காட் வேலைக்கு வந்தவர்கள் முதல் வருஷம் ஸ்வெட்டர் தேடி அலைவார்கள். இந்தக் குளிரில் வாசலில் ஒரு நாய்க்குட்டி முனகினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? "பாவம், இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் உள்ளே படுக்கட்டும்" என்றுதான் ஆரம்பிக்கும். ஒரே வாரத்தில் கேஸ் அடுப்புக்குக் கீழே இடம் பிடித்துவிடும். அடுத்தது பூஜை அறை!

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். "சமையல்கட்டுக்குள்ள அது வரக்கூடாதும்மா" என்றார் மாமியார். "சின்னக் குட்டிதானே அத்தே" என்றேன். "குட்டி சின்னதுதான். கொதிக்கிற ரசம் சின்னதா?" என்று கேட்டார். ஆசாரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே ரசப் பாத்திரத்தோடு திரும்பியபோது காலடியில் கிடந்த குட்டியைத் தடுக்கிவிட்டேன். மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. குட்டி மயிரிழையில் தப்பியது.

சமையலறையில் நெருப்பு மட்டுமா ஆபத்து? வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்துக்கு எடுத்து வைத்த உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம்தான். (மீந்த வெங்காய சாம்பாரைச் சாதத்தில் பிசைந்து நாய்க்கு வைக்காத வீடு எது, சொல்லுங்கள்!)

தவழும் குழந்தை உள்ள வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாய் வயிற்றிலிருந்தே உருண்டைப் புழுவோடு பிறக்கும் குட்டிகள் ஏராளம். புழுவின் முட்டைகள் மலத்தில் வெளியேறும். தொற்றும் நிலைக்கு வர இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்பதால் அன்றன்றே அள்ளிச் சுத்தம் செய்தால் பெரிய அபாயம் நீங்கிவிடும். விட்டுவிட்டால் குழந்தையின் கை வழியாக வயிற்றுக்குள் போய், கல்லீரலையும் கண்ணையும்கூடப் பாதிக்கலாம். குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பதினைந்து நாளைக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். குழந்தை தவழும் இடத்துக்குள் குட்டியை விடாமல் இருப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

சரி, எப்படிப் பழக்குவது? எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது. வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையைக் குறுக்கே வைத்தோம். நான் வேலை செய்வது அதன் கண்ணில் படும் இடத்தில், பலகைக்கு வெளியே, ஒரு பழைய கம்பளியை விரித்தோம். பக்கத்தில் ஆள் இல்லை என்றால்தானே அது அழும்? கம்பளியில் பேசாமல் படுத்திருந்தால் ஒரு துண்டு பிஸ்கட். எட்டிக் குதித்தால் "வேணாம்" என்று ஒரே வார்த்தை சொல்லித் தூக்கி வெளியே விடுவது. கோபம் கூடாது, கொஞ்சலும் கூடாது.

அந்த ஒரே வார்த்தையில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் தோற்றுப்போகிறோம்! நான் "வேணாம்" என்பேன். கன்னடம் பேசும் மாடி வீட்டம்மா "பேடா" என்பார். வேலைக்கு வரும் தெலுங்கு அம்மா "வத்து" என்பார். மூன்று பாஷைக்கு நடுவில் குட்டி என்ன செய்யும், பாவம்? ஒரு வார்த்தையை முடிவு செய்து எல்லோரும் அதையே சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் காரியம் நடந்தது. இன்னொரு எதிரி, ஷிப்ட் முடிந்து நடுராத்திரி வந்து, சாப்பிட்ட கையோடு சமையலறைக்குள்ளேயே குட்டிக்கு ஒரு வாய் ஊட்டிய என் வீட்டுக்காரர். பத்து நாள் உழைப்பு ஒரு கவளத்தில் போயிற்று!

அடித்தால் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்த காரியத்தையும் வாங்கிய அடியையும் ஓரிரு விநாடிக்கு மேல் அதனால் முடிச்சுப் போட முடியாது. காலையில் போன மூத்திரத்துக்குச் சாயங்காலம் மூக்கைத் தேய்த்தால், உங்களைக் கண்டு நடுங்கத்தான் கற்றுக்கொள்ளும். பயந்த நாய்தான் ஒரு நாள் கடிக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போங்கள். பெருக்கித் துடைக்கும் வேலை குறையும்.

பொறுமை இல்லாத வீடுகளில் கதை வேறு மாதிரி முடிகிறது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை போய், ஒரு மாதக் குட்டியை வாங்கி வந்துவிடுகிறார்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கவே கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டு விதிகள். ஆறு மாதத்தில் "சொன்னா கேக்கலை" என்று மொட்டை மாடியில் சங்கிலி. அதற்கப்புறம் ஒரு நாள் ஸ்கூட்டரில் வைத்து ஏரிக்கரையில் விட்டுவிடுவது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படிவிட்ட நாய்க்கு வருஷா வருஷம் யார் வெறிநோய்த் தடுப்பூசி போடப் போகிறார்கள்? நாளை அது கடிக்கப் போவது அதே தெருவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைத்தான்.

உங்கள் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி போட்டுவிடுங்கள். அதுவரை விளையாட்டாகப் பல் பட்டாலும், நகம் கீறினாலும் அலட்சியம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அதன்மேல் அப்பாதீர்கள்.