சுருக்கமும் விளக்கமும்

சொற்சிக்கனம் அறிவுடையோர் போற்றும் பண்பு. நூலுக்குரிய பத்து அழகுகளை வகுத்த பவணந்தி முனிவர், சுருங்கச் சொல்லலை முதலிலும் விளங்க வைத்தலை அதனை அடுத்தும் வைத்தார். பத்துக் குற்றங்களை எண்ணுமிடத்தோ குன்றக் கூறலை முதற்கண் நிறுத்தினார். சுருக்கம் வேறு, குறைவு வேறு என்பது இதனாற் பெறப்படும். இலக்கண வகுப்பிற்குரிய இவ்வுண்மை, நம் மாணவர் பயிலும் கணினிக் கூடத்துக்கும் பொருந்துவதாகும்.

செய்நிரல் எழுதுவோர் தம் திருத்தங்களைப் படிப்படியாகப் பதிந்து வைத்தற்குக் கிற் என்னுங் கருவியைக் கையாளுகின்றனர். லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருவை ஆக்கிய லினஸ் தோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். பலர் கூடி எழுதும் செய்நிரலில் யார் எதனை எப்போது மாற்றினர் என்பதை இது காட்டும். பிழை நேரின் முன்னைய நிலைக்கு மீளவும் உதவும். நிலையை அறிய ‘ஸ்ரேற்றஸ்’, பதிவு செய்யக் ‘கொமிற்’ எனக் கட்டளைகளை நாளொன்றுக்குப் பன்முறை எழுத நேரும். ஆதலின் முன்னையதை ‘எஸ், ரி’ எனவும் பின்னையதைச் ‘சி, ஐ’ எனவும் ஈரெழுத்தாற் குறுக்கிக்கொள்ள அக்கருவியே இடந்தருகின்றது. நாடோறும் செய்யும் தொழிலுக்கு இஃது நன்றே. விரல் ஓய்வு பெறும், கருத்துச் சிதறாது.

ஆயின், முழுக் கட்டளையை அறியாது, பிறர் அமைத்த குறுக்கங்களை மட்டும் மனனஞ் செய்யும் மாணவரும் உளர். குறுக்கம் அவரவர் அமைப்புக் கோப்பிலே உறைவது, கருவியோடு பிறந்ததன்று. வேறொரு கணினி முன் அமர்ந்து அவ்வீரெழுத்தை இட்டால், அப்படியொரு கட்டளை இல்லையென்றே விடை வரும். இதனினுங் கொடியது, அழிக்குங் கட்டளைக்குக் குறுக்கம் அமைத்தல். ‘றீசெற்’ என்பதனோடு ‘ஹார்ட்’ என்னும் அடையைச் சேர்த்து இட்டால், பதியாத திருத்தங்கள் கேள்வியின்றி மறையும். அவற்றை மீட்டல் மிக அரிது. அந்நெடுங் கட்டளையை எழுதும் பொழுதே சிந்திப்பதற்குரிய பொழுது. அதனை ஈரெழுத்தாக்குதல், நடை குறையுமென்று கிணற்றுக்கட்டை இடித்தல் போலும்.

‘வேலை முடிந்தாற் போதாதோ?’ என்பாரும் உளர். தன் வேலை மட்டுமாயின் போதும் எனலாம். கூட்டு முயற்சியில் ஒருவன் அறியாமை தோழர் பலரின் உழைப்பையுங் கெடுக்கும். ஆதலால், ஆசிரியர்கள் முதற்றவணையில் முழுக் கட்டளைகளையே பயிற்றுவாராக. மாணவர் தாம் அமைக்கும் ஒவ்வொரு குறுக்கத்துக்கும் விரிவு கூற வல்லராகுக. விரிக்கத் தெரிந்தவன் சுருக்குதல் அழகு. தெரியாதவன் சுருக்குதல் குற்றம்.