பாத்ரூம் பற்றியும் பேசுங்க, டைரக்டர் சார்!

ஒரு பையன், 'சினிமா படிக்கிறேன்' என்றால், 'அடுத்த மணிரத்னமா...' என்று தட்டிக் கொடுக்கும் சொந்தக்காரர்கள், அதையே ஒரு பெண் சொன்னால், 'வேற படிப்பே கிடைக்கலையா?' என்கின்றனர். என் அக்கா மகளும், இந்த ஏச்சை எல்லாம் வாங்கிக் கொண்டு தான், விஸ்காம் சேர்ந்தாள்.

அவள் படிக்கும் துறை துவங்கி, 25 ஆண்டு ஆனதற்கு விழா எடுத்தனர். அக்காவுக்கு லீவு கிடைக்காததால், நான் போனேன். (கல்லூரி பெயர் வேண்டாம்.) சென்னையில் இருந்து இரண்டு டைரக்டர்களும், ஒரு கேமராமேனும் வந்திருந்தனர். சும்மா சொல்லக்கூடாது, கேமராமேன் பேசியது, பத்தாவது படித்த எனக்கே புரிந்தது. ஒரு மாணவியை ஜன்னல் ஓரமாகவும், பிறகு டியூப் லைட்டுக்கு நேர் கீழேயும் உட்கார வைத்து, ஒரே முகம் எப்படி மாறுது பாருங்க என்று காட்டினார். மறுநாளே, எங்க வீட்டு நிலைக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் மாற்றி மாட்டி விட்டேன்!

மற்றபடி, சால்வை, நினைவுப் பரிசு, செல்பி தான். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து, 1986ல் எடுத்த, ஊமை விழிகள் படத்தை பெருமையாக சொன்னார்கள். நானும் கை தட்டினேன். ஆனால், மூன்று மணி நேர விழாவில், ஒரு பெண் பெயர் கூட வரவில்லை. 1936லேயே, மிஸ் கமலா படத்தை இயக்கிய, டி.பி.ராஜலட்சுமி நம்ம ஊர்க்காரர் தானே... சின்ன வீடு படத்துக்கு, 1985ல் கேமரா பிடித்த, பி.ஆர்.விஜயலட்சுமியை கூடவா மறந்து போகும்?

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, 'அவுட்டோர் ஷூட்டிங்ல, லேடி அசிஸ்டென்ட்டுங்களுக்கு பாத்ரூம் வசதி இருக்குமா சார்?' என்று கேட்டாள். பின் வரிசை பையன்கள், 'கொல்'லென்று சிரித்தனர். டைரக்டரும் சிரித்தபடி, 'சினிமாவுக்கு வந்துட்டா, இதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்மா...' என்று சொல்லி, அடுத்த கேள்விக்கு போய் விட்டார்.

எனக்கு சுருக்கென்றது. இது என்ன சிரிக்கிற விஷயமா? கேரளாவில், நீதிபதி ஹேமா கமிட்டி அறிக்கை, 2024 ஆகஸ்டில் வெளியானதே... அதில், ஷூட்டிங் இடங்களில் கழிப்பறையும், உடை மாற்ற மறைவிடமும் இல்லாததை, பெரிய குறையாகவே எழுதியிருக்கின்றனர். பல மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் அடக்கி, சிறுநீர் தொற்று வந்து அவதிப்பட்ட பெண்களைப் பற்றியும் இருக்கிறது. மாதவிலக்கு நாளில் என்ன பாடு என்று, நமக்கு சொல்ல வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் கொடுத்த அந்த அறிக்கை, வெளியே வரவே, நாலரை வருஷத்துக்கு மேல் ஆனது என்பது தனிக்கதை.

புனே திரைப்படக் கல்லூரியில் படித்த பாயல் கபாடியாவின் படம், 2024ல் கேன்ஸ் விழாவில், 'கிராண்ட் பிரி' பரிசு வாங்கியது. மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்சுகளும், ஆஸ்பத்திரி சமையல்கார அம்மாவும் தான் அதில் முக்கிய பாத்திரங்கள். பெண்கள் கையில் கேமரா போனால், நம்மைப் போன்றவங்க கதையும் வெளியே வரும் என்று, அக்காவிடம் நான் வாதாடிக் கொண்டிருந்தேன். 'டிகிரி முடிச்சதும், பேங்க் பரீட்சை எழுதட்டும்...' என்பது அவள் கட்சி. அந்த டைரக்டர் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு, நான் எந்த முகத்தோடு வாதாடுவது?

இதுபோல் விழா எடுக்கும் கல்லூரிகள், மேடையில் ஒரு நாற்காலியை, எடிட்டராகவோ, உதவி இயக்குனராகவோ வேலை பார்க்கும் பெண்ணுக்கு கொடுக்கட்டும். பெற்றோருக்கும் அரை மணி நேரம் ஒதுக்கட்டும். ராத்திரி ஷூட்டிங் முடிந்தால், பெண்ணை யார் கொண்டு வந்து விடுவார்கள்? பத்து பேர் வேலை பார்க்கிற இடத்திலேயே புகார் குழு வேண்டும் என்று, 2013லேயே சட்டம் வந்து விட்டதே... நூறு பேர் இருக்கும் உங்க யூனிட்டில் அது இருக்கா? இதை எல்லாம், வருகிற டைரக்டர்களிடம் நாங்களே நேரில் கேட்டுக் கொள்கிறோம்.

— ஒரு வாசகி, விருதுநகர்.