ஓல்டு இஸ் கோல்டு போதும் வே

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று எங்கே பழைய பாட்டுக் கச்சேரி நடந்தாலும் மேடைக்குப் பின்னால் கட்டுகிற ஃபிளெக்ஸில் அதே மூன்று வார்த்தை: ‘ஓல்டு இஸ் கோல்டு’. தமிழ்ப் பாட்டுக்கு இங்கிலீஷில் விருது. அது கிடக்கட்டும். சொல்வது சரிதானா?

விஸ்வநாதன்-ராமமூர்த்திக்கு 1963-ல் மெல்லிசை மன்னர்கள் என்று பட்டம் கொடுத்தார்கள். பாகவதர் பாட்டிலும் ஜி. ராமநாதன் இசையிலும் ஊறிய பெரியவர்களுக்கு அந்தப் பாங்கோஸும் அக்கார்டியனும் வெறும் சத்தமாகத்தான் கேட்டது. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது மெல்லிசை மன்னர் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு அதே இளையராஜா பாட்டும் இந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேதான் பாடப்படுகிறது. அப்படியானால் தங்கம் எது? அவரவருக்கு மீசை முளைத்த வயதில் கேட்ட பாட்டு. அவ்வளவுதான் கணக்கு. அந்தக் காலத்திலும் சவப் பாட்டுகள் நிறைய வந்தன, பாத்துக்கிடுங்க. அதெல்லாம் மறந்துபோனதால் மிச்சம் தங்கமாகத் தெரிகிறது.

இதைவிட எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. தங்கம் என்று எழுதிவிட்டு அதைப் பித்தளை விலைக்கு நடத்துகிறார்கள். வயலின் இல்லை, தபேலா இல்லை, புல்லாங்குழல் இல்லை. ஒரு பென் டிரைவில் கரோக்கி. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரம் ஸ்பீக்கரில் தகர டப்பாவாகக் கேட்கிறது. கோவில் நடையில் வாசிக்கிற நாதஸ்வரக்காரரை மேடையேற்றி ஒரு பாட்டுக்கு வாசிக்கச் சொன்னால் என்ன? காசு இல்லையாம். ஃபிளெக்ஸுக்கும் சீரியல் லைட்டுக்கும் மட்டும் இருக்கிறது!

அந்தப் படத்துக்கு இசை யார்? மேடையில் ‘சிவாஜி பாட்டு’ என்று அறிவிப்பதோடு சரி. கே.வி. மகாதேவன் வே! நாகர்கோவில் கிருஷ்ணன்கோவில்காரர். இசையமைப்பாளருக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கியவர், 1967-ல் வந்த ‘கந்தன் கருணை’க்காக. சொந்த மாவட்டத்துக்காரர் பெயரை ஒரு தடவை மைக்கில் சொல்லாத கூட்டத்துக்குத் தங்கத்தைப் பற்றி என்ன பேச்சு?

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசனை கிடையாது’ என்பது அடுத்த கோஷம். ஃபிளெக்ஸில் எழுதுவதில்லை, மைக்கில் சொல்கிறார்கள். பிறகு பிள்ளைகள் எப்படி வரும்? முன்வரிசை நாற்காலியில் இருப்பவர்கள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். வருஷத்துக்கு இரண்டு நாற்காலி காலியாகிறது. கீபோர்டு வாசிக்கிற பையனுக்குப் புதுப் பாட்டு ஒன்றுக்கு இடம் கொடுத்தால், அவன் பழைய பாட்டு பத்தைப் பாடம் பண்ணிக்கொண்டு வருவான். அவன் கூட்டுக்காரர்களும் கேட்க வருவார்கள்.

அடுத்த தடவை நன்கொடை ரசீதோடு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். நோட்டீசில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் பெயர் இருக்கவேண்டும். தபேலாவுக்கு ஓர் ஆள் வேண்டும். இரண்டும் இருந்தால் கேட்டதற்கு மேலே ஐந்நூறு சேர்த்துத் தருகிறேன்.